பனி, பணி, பாணி: ஒரு சிறு சொல்லின் பல பொருள்



நீண்ட சொல் தன் பொருளைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். 'அனல்மின் நிலையம்' என்று ஒருவர் சொன்னால் அதில் ஐயத்திற்கு இடமில்லை. சின்னஞ்சிறு சொல்லின் தன்மை வேறு. ஒரே ஒலியை உடுத்திக்கொண்டு அது பல மொழிகளில் குடியிருக்கும். வீட்டுக்கு வீடு அதன் குணமும் மாறும். அத்தகைய சொல் ஒன்றை இவ்வாரம் எடுத்துக்கொண்டு, அது எங்கெங்கே என்னென்ன பொருள் தருகிறது என்று ஆராய்வோம். அச்சொல் 'பனி' என்பதாகும்.

இந்த ஆராய்ச்சி பண்டிதர்க்கன்றோ உரியது, நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நமது வடக்குத்து, நெய்வேலி நகரியத்தை ஒட்டிய ஊர். 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டது. 1957 மே மாதம் 20-ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அக்காலந்தொட்டு மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசுவோர் இப்பக்கம் வந்து குடியேறினர். இந்நாளிலோ ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் ஆகிய இடங்களிலிருந்து வேலை தேடி வருவோரும் உளர். கடையிலும், பேருந்திலும், மருத்துவமனை வரிசையிலும், கோயில் பெஞ்சியிலும் அவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்கள் வாயில் 'பனி' என்று ஒரு சொல் பிறந்தால், அது நம் காதில் என்னவாக விழுகிறது? இதை அறிவது நம் எல்லோருக்கும் பயன் தரும்.

1. நம் வீட்டில்

தமிழனின் காதுக்குப் பனி வேறு, பணி வேறு, பாணி வேறு. இரண்டு சுழி 'ன'வுக்கு நா நுனி மேற்பல் வரிசைக்குச் சற்றுப் பின்னே தொடுகிறது. மூன்று சுழி 'ண'வுக்கு நா மடிந்து மேலண்ணத்தைத் தொடுகிறது. குறிலும் நெடிலும் அவ்வாறே நமக்கு வெவ்வேறு. பிள்ளைப் பருவத்தில் பழகிய பழக்கமாதலால் இவற்றைப் பிரித்தறிய நாம் ஒரு முயற்சியும் செய்வதில்லை.

'பனி' என்றதும் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலை நினைவுக்கு வரும். முந்திரித் தோப்பின் இலைநுனியில் நிற்கும் துளி அது. பழைய தமிழில் இச்சொல்லுக்குக் குளிர், நடுக்கம், அச்சம், கண்ணீர் என்னும் பொருள்களும் உண்டு. 'கண் பனித்தது' என்று நாம் சொல்வது அதன் மிச்சமே. 'பணி' என்பது வேலை, தொண்டு, கட்டளை, வினையானால் வணங்குதல். அகராதியைப் புரட்டினால் அணிகலனுக்கும் பணி என்று பெயர், பாம்புக்கும் பணி என்று பெயர். 'பாணி' என்பது ஒருவரது போக்கு, நடை. வடமொழியில் 'பாணி' கையைக் குறிக்கும். கையில் சக்கரம் உடையவர் சக்கரபாணி. மணமகளின் கைப்பற்றுதல் பாணிக்கிரகணம்.

ஒரு சொல்லுக்குள் இத்தனை பொருள் இருப்பதை வரிசைப்படுத்தித் தந்தவர்களுள் நாம் மறவாதிருக்க வேண்டியவர் வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலி நாட்டில் பிறந்தவர். நம் கடலூர் மாவட்டத்துக் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் எடுத்தவர். தமிழில் அதுவரை வழங்கிய நிகண்டுகள் செய்யுள் வடிவின. மனப்பாடம் செய்தோர்க்கே எளிதில் கைகொடுத்தன. முனிவர் 1732-இல் தமது சதுரகராதியில் சொற்களை அகர வரிசையில் நிறுத்தி, எதிரே பொருள்களைக் குறித்தார். அந்நிய நாட்டார் ஒருவர், ஒவ்வொரு சொல்லையும் 'இதற்கு உங்களிடத்தில் என்ன பொருள்?' என்று கேட்டுக் கேட்டே அதைச் செய்திருக்க வேண்டும். அந்தக் கேள்வியே இப்பாடத்தின் சாரம். அதற்குப் பின்னர் வருவோம்.

2. அடுத்த வீடுகளில்

மலையாளத்தில் 'பனி' என்றால் காய்ச்சல். 'குஞ்ஞினு பனியாணு' என்று ஒரு தாய் சொன்னால், குழந்தைக்குக் காய்ச்சல் என்பது பொருள். தமிழ் மட்டும் அறிந்தவர், பிள்ளை பனியில் நனைந்துவிட்டது போலும் என்று எண்ணிக்கொள்வார். இது முற்றிலும் புதிய பொருளும் அன்று. பனி என்பதற்கு நடுக்கம் என்னும் பொருள் உண்டென்று மேலே கண்டோம். நாமும் 'குளிர்க்காய்ச்சல்' என்கிறோம் அல்லவா? நடுக்கத்திலிருந்து காய்ச்சலுக்குப் பொருள் நகர்ந்துவிட்டது. விடியற்காலைப் பனியை மலையாளிகள் பெரும்பாலும் 'மஞ்ஞு' என்கிறார்கள்.

தெலுங்கில் 'பனி' என்றால் வேலை. 'பனி உந்தா?' என்று ஒருவர் கேட்டால் வேலை இருக்கிறதா என்று கேட்கிறார். வீட்டு வேலை செய்யும் பெண்ணை அம்மொழியில் 'பனி மனிஷி' என்பர். நம் பிள்ளைகள் இதைக் கேட்டால் பனியால் செய்த மனிதன் என்று நினைத்துச் சிரிப்பார்கள்! மூன்று சுழி போட்டு நாம் சொல்வதை அவர்கள் இரண்டு சுழியில் சொல்கிறார்கள், அவ்வளவே வேற்றுமை.

கன்னடத்தில் பழைய பகரம் பல சொற்களில் ஹகரமாய்த் திரிந்தது. நம் 'பால்' அங்கே 'ஹாலு'. நம் 'பல்' அங்கே 'ஹல்லு'. அதே வழியில் 'பனி' அங்கே 'ஹனி' ஆயிற்று. அதற்குத் துளி என்று பொருள். ஆக, பனித்துளி என்னும் நம் சொற்றொடரின் முதற்பகுதி மலையாளத்தில் காய்ச்சலாகவும், கன்னடத்தில் துளியாகவும் வாழ்கிறது. ஒரே தாய்வீட்டுப் பிள்ளைகள் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு தொழிலுக்குப் போனது போல என்று கொள்க.

3. வடக்கே

இந்தியில் 'பானி' என்றால் தண்ணீர். பருகத்தக்கது என்று பொருள்படும் 'பானீயம்' என்ற வடசொல்லிலிருந்து அது வந்தது. நாம் வழங்கும் பானம், பானகம் என்பவையும் அந்த வேரினவே. மராத்தியிலும் ஒடியாவிலும் அது மூன்று சுழியோடு 'பாணி' என ஒலிக்கும். ஆதலால் ஒடிசாத் தொழிலாளி ஒருவர் 'பாணி' என்று கேட்கும்போது, நம்முடைய 'பாணி' என்ற சொல்லையே எழுத்துப் பிசகாமல் சொல்கிறார். அவர் கேட்பதோ குடிக்கத் தண்ணீர்.

நெய்வேலிக்கு இதில் ஒரு தனிப்பொருத்தம் உண்டு. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோதே கரிய பொருள் வெளிப்பட்டதென்பது நாம் அறிந்த வரலாறு. நிலக்கரிப் படுகையின் அடியில் ஊற்றுநீர் பேரழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தின் தரை நிற்கும். 'பானி'யை இறைத்தால்தான் 'பணி' நடக்கும். வடநாட்டார் சொல்லும் தென்னாட்டார் சொல்லும் இங்கே ஒரே குழியில் சந்திக்கின்றன.

வடக்கிலிருந்து வருவோர் எல்லோருக்கும் இந்தியே தாய்மொழி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது சரியன்று. ஜார்க்கண்டுச் சந்தால் மக்கள் தம் மொழியில் தண்ணீரைத் 'தாக்' என்பர். ஓராவோன் மக்கள் பேசும் குடுக் மொழியிலோ தண்ணீருக்கு 'அம்ம்' என்று பெயர். நம் அகராதிகளில் 'அம்' என்ற சொல்லுக்கு நீர் என்று ஒரு பொருள் இருக்கிறது. இவ்விரண்டும் ஒரே வேரின என்று மொழி ஆராய்ச்சியாளர் கொள்கின்றனர். குடுக், தமிழைப் போலத் திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி. ஆகவே 'இந்திக்காரன்' என்று நாம் ஒதுக்கி நிறுத்தும் ஒருவர், மொழியால் நமக்குத் தூரத்து உறவினராகவும் இருக்கக்கூடும்.

4. கடல் கடந்து

'பானி' இந்தியாவோடு நின்றுவிடவில்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடஇந்தியாவிலிருந்து புறப்பட்டு ஐரோப்பா முழுவதும் பரவிய ரோமா என்னும் மக்கள், தண்ணீரை இன்றும் 'பானி' என்றே வழங்குகின்றனர். நாடு போயிற்று, ஊர் போயிற்று, தாகத்திற்கான சொல் மட்டும் போகவில்லை.

அந்த ரோமா மக்களில் ஒரு சாரார் போலந்து நாட்டிலும் வாழ்கின்றனர். அந்நாட்டு மொழியில் 'பானி' என்றால் அம்மணி, சீமாட்டி. அறிமுகமில்லாத பெண்ணிடம் 'நீ' என்று பேசுவது அங்கே மரியாதையன்று. 'பானி' என்று விளித்தே பேசவேண்டும். தேவமாதாவையும் அச்சொல்லால் அழைப்பர். நாம் 'நாயகி' என்பது போல. ஒரே தெருவில் ஒருவருக்குத் தண்ணீராக இருப்பது இன்னொருவருக்கு மரியாதைச் சொல்லாக இருக்கிறது.

இத்தாலிய மொழியில் அப்பத்திற்குப் 'பானே' என்று பெயர். பல அப்பங்களானால் 'பானி'. வீரமாமுனிவர் சிறு பிள்ளையாக வீட்டில் கேட்ட சொல் இதுவாகும். இதன் தாய் இலத்தீன் மொழியின் 'பானிஸ்'. 1960-களின் நடுப்பகுதி வரை இலத்தீனில் பூசை கண்ட பெரியோர் இச்சொல்லைப் பலமுறை கேட்டிருப்பர். இலத்தீனிலிருந்து பிறந்த போர்ச்சுக்கீசிய மொழியில் அது 'பாவ்ங்' என்பது போல ஒலிக்கும். மும்பையின் 'பாவ் பாஜி'யில் உள்ள பாவ் அதுவே. 1505 முதல் இலங்கைக்கு வந்த போர்ச்சுக்கீசியர் வழியாகவே யாழ்ப்பாணத் தமிழர் ரொட்டியைப் 'பாண்' என்கின்றனர். ஜப்பானியர் வழங்கும் 'பான்' என்பதும் அவ்வழியே சென்றது. அதே இலங்கையில் சிங்களவர் தேனையும் பாகையும் 'பெணி' என்பதையொத்த ஒலியால் வழங்குகின்றனர்.

பனித்துளி, காய்ச்சல், வேலை, தண்ணீர், கை, அம்மணி, அப்பம், தேன்: ஏறத்தாழ ஒரே ஒலிக்கு எத்தனை பொருள் பாருங்கள்.

5. இது எவ்வாறு நேர்ந்தது?

இவ்வொற்றுமைக்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது உறவு. தமிழ்ப் பனியும், மலையாளப் பனியும், கன்னட ஹனியும் ஒரு வேரின் கிளைகள். இரண்டாவது கடன். யாழ்ப்பாணத்துப் பாண் போர்ச்சுக்கீசியரிடம் பெற்றது. மூன்றாவது தற்செயல். மனிதன் வாய் எழுப்பக்கூடிய ஒலிகள் சிலவே, மொழிகளோ ஆயிரக்கணக்கானவை. இரண்டு அசை கொண்ட குறுஞ்சொற்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் இருந்தால்தான் வியப்பு. போலந்தின் அம்மணிக்கும் இந்தியின் தண்ணீருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

ஒலி ஒத்திருக்கிறது என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு, எல்லாம் எம் மொழியிலிருந்தே போயின என்று வாதாடுவோர் எல்லா மொழியிலும் உண்டு. சாடை ஒத்திருக்கிறது என்பதற்காகத் தெருவில் போகிறவரைத் தம்பி என்று சொத்துப் பத்திரத்தில் எழுத முடியுமா? பழைய வடிவத்தையும், பொருள் நகர்ந்த வழியையும், மக்கள் போக்குவரத்தையும் பார்த்தே உறவு சொல்ல வேண்டும்.

6. சொல் வாளாகும்போது

இதுவரை கண்டது வேடிக்கையாகத் தோன்றலாம். வேடிக்கையில் முடியாத வரலாறும் உண்டு.

பழைய ஏற்பாட்டில் நியாயாதிபதிகள் ஆகமம் 12-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கலாத் நாட்டார், தோற்றோடிய எப்பிராயீமரை யோர்தான் ஆற்றுத் துறைகளில் மறித்து, 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொன்னார்கள். கதிர் என்றும் நீரோட்டம் என்றும் பொருள்படும் எளிய சொல் அது. எப்பிராயீமருக்கு 'ஷி' வராது, 'சிபோலேத்' என்றனர். அவ்வாறு சொன்னவரைக் கொன்றார்கள். அக்காலத்தில் மாண்டவர் நாற்பத்தீராயிரம் என்று ஆகமம் கூறுகிறது. 'புஷ்பம்' என்பதைப் 'புஸ்பம்' என்று சொல்லும் நம் பாட்டிமார் அத்துறையில் நின்றிருந்தால் ஒருவரும் கரையேறியிருக்க மாட்டார்கள்!

இது பழங்கதை என்று தள்ள வேண்டாம். 1983 ஜூலையில் இலங்கையில் தமிழருக்கெதிராக நடந்த கொடுமையின்போது, வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்ற சிங்களச் சொல்லை உச்சரிக்கச் சொல்லித் தமிழரை இனங்கண்டார்கள். அன்றாடம் கிணற்றடியில் புழங்கும் பாத்திரத்தின் பெயர், ஒருவர் உயிரோடு வீடு சேர்வாரா மாட்டாரா என்பதைத் தீர்மானித்தது.

வங்காளத்தில் இன்னொரு விதம். தண்ணீரை அங்கே இந்துக்கள் பெரும்பாலும் 'ஜல்' என்றும் முஸ்லிம்கள் 'பானி' என்றும் சொல்வர். இரண்டும் வடமொழியில் பிறந்த சொற்களே; இரண்டும் ஒரே குளத்து நீரையே குறிப்பன. ஆயினும் ஒருவர் தாகத்திற்குக் கேட்கும் சொல்லை வைத்தே அவர் மதம் இன்னதென்று பிறர் குறித்துக்கொள்கிறார்கள். அர்ச். இராயப்பரையும் பெரிய குருவின் முற்றத்தில் காட்டிக் கொடுத்தது அவருடைய கலிலேயாப் பேச்சுத்தானே!

மேற்சொன்ன இடங்களில் எல்லாம் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மனிதன் என்ன சொல்ல வந்தான் என்று கேட்டவர் எவருமில்லை. அவன் யார் என்று கண்டுபிடிக்கவே காது கொடுத்தார்கள்.

7. நாம் செய்யத்தக்கது

நம் ஊரில் வாளேந்தி நிற்பவர் இல்லை. ஆனால் பேருந்தில் ஒருவர் தம் மொழியில் பேசினால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பதும், கடையில் அவர் சொல்லைத் திருப்பிச் சொல்லிக் கேலி பேசுவதும், 'வடக்கன்' என்று முகத்துக்கு நேரே சொல்வதும் நடக்கத்தான் செய்கின்றன. ஆற்றுத்துறை அங்கிருந்தே தொடங்குகிறது. ஆகையால் மூன்று காரியங்களை மனத்திற்கொள்வோம்.

முதலாவது: ஒலியைக் கேட்டவுடன் பொருளை முடிவு செய்யாதிருத்தல். மருந்துக் கடையிலோ மருத்துவமனையிலோ இருப்போர் இதில் மிகுந்த எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 'பனி' என்று ஒரு தாய் சொன்னால் பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பாருங்கள். காய்ச்சல் அளக்கும் கருவியை எடுங்கள். கை சொல்லும் செய்தியை மொழி மறைக்காது. சித்திரை வெயிலில் கட்டட வேலை செய்பவர் 'பாணி' என்றால், அது எந்த மொழி என்ற விசாரணைக்கு முன்னே தண்ணீர்க் குவளை அவர் கைக்குப் போகட்டும். வெப்பத்தால் மயங்குகிறவருக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

இரண்டாவது: கேட்டறிதல். 'நீங்கள் சொல்வது எதை?' என்று சைகையாலாவது கேட்பது சிறுமையன்று. வேலைத்தலத்தில் மேற்பார்வை செய்வோர், ஆபத்துக்குரிய ஐந்தாறு சொற்களையாவது, அதாவது நில், விலகு, மின்சாரம், தீ, மேலே பார், தண்ணீர் என்பவற்றை, தம்மிடம் வேலை செய்வோரின் மொழியில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளட்டும். 'நில்' என்ற ஒரு சொல் புரியாமல் போனால் ஒரு வீட்டில் விளக்கு அணைந்துவிடும். எழுதும்போது அந்தச் சொல்லை அவர்களையே மூன்று முறை சொல்லச் செய்து, நம் வாயாலும் சொல்லிக் காட்டி, சரிதானா என்று கேட்டுக்கொள்வது நலம்.

மூன்றாவது: கற்பித்தல். வந்தவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க நமக்கும் கடமை உண்டு. மறைக்கல்வி வகுப்பில் வெளிமாநிலப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருந்தால், பக்கத்துப் பிள்ளை வாரத்திற்கு ஐந்து சொல் கற்றுத்தரட்டும். அதனிடமிருந்து ஐந்து சொல் கற்றுக்கொள்ளட்டும். ஓராவோன் பிள்ளை 'அம்ம்' என்றும், நம் பிள்ளை 'தண்ணீர்' என்றும் ஒரே குழாயடியில் சொல்லிப் பழகினால் அதைவிடச் சிறந்த அகராதி வேண்டுமா?

இவ்வாரம் உங்கள் வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். பக்கத்தில் குடியிருக்கும் வேறு மொழிக்காரர் ஒருவரிடம், 'பனி என்றால் உங்கள் மொழியில் என்ன?' என்று கேளுங்கள். மேலே சொல்லாத புதிய பொருள் ஏதேனும் கிடைத்தால், அதை ஒரு தாளில் எழுதி, சொன்னவருடைய மொழியின் பெயரையும் குறித்து, ஞாயிறு பூசைக்குப் பின் கோயில் அலுவலகத்தில் கொடுங்கள்.